வெறும் வயிற்றில் தொண்ணூற்றெட்டு

ஜனவரி 30

மருந்து கம்பெனிக்காரர்கள் எங்கள் லேபுக்குக் கொடுத்த டைரி. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது. நான் தேர்தலில் நிற்கிறேன்!

காரைப்பாளையம் பேரூராட்சி, ஏழாவது வார்டு. மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர் அந்த வார்டின் மேல் கண் வைத்திருந்தார். கோயிலுக்கு டியூப்லைட், பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் என்று தன் எலக்ட்ரிகல் கடையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் அது பெண்கள் வார்டு. காலையில் கடைக்குப் போனவர் பத்து மணிக்கே திரும்பி வந்து, "கோதை, நீ நிக்கறே" என்றார்.

நான் மூன்று வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டு வந்து டியூப்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். "எங்கீங்க நிக்கறது?" என்று கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னார். "பேரு மட்டும் உன்னுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் நிலானி ஒரே குதி. "அம்மா, போஸ்டர்ல உன் மூஞ்சி வருமா?"

வருமாம்!

பிப்ரவரி 3

மனு தாக்கல் செய்தாயிற்று. கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. பதினாலு வருஷமாக ஊசி பிடிக்கிற கை, பச்சைக் குழந்தைக்குக்கூட நடுங்காமல் நரம்பு தேடுகிற கை, ஒரு பேனாவுக்கு நடுங்குகிறது. 'பூங்கோதை' என்று எழுதி முடித்ததும் அதிகாரி, "வாழ்த்துகள் சார்" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்த பிறகு எனக்கும் ரஹ்மத் அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரஹ்மத் அக்கா பக்கத்து வீடு. என் மனுவை முன்மொழிந்தவர் அவர்தான். நல்ல குரல். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

பிப்ரவரி 7

சின்னம் கொடுத்துவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டி! இவருக்கு முகம் சுண்டிவிட்டது. தென்னைமரம் கேட்டிருந்தார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. எந்த வீட்டில் இல்லை இஸ்திரிப் பெட்டி? ஐந்து பேர் போட்டி. அதில் பெரிய கட்சியின் சுகுணாதான் பலமான ஆள்.

போஸ்டர் வந்தது. என் படம் எலுமிச்சம்பழ அளவு, இவர் படம் தர்பூசணி அளவு. "தனசேகரன் அவர்களின் துணைவியார்" என்பது என் பெயரை விடப் பெரிய எழுத்தில். நிலானி உர்ரென்று இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும். சுவரில் என் முகம் இருக்கிறதே!

பிப்ரவரி 8

இன்று மட்டும் நாற்பத்திரண்டு வீடு. கால் வலி தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் "அட, ரத்தம் எடுக்கற புள்ளயா!" என்றுதான் கதவைத் திறக்கிறார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. "வேட்பாளர்னு சொல்லுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் திருத்தினார்.

காலையில் இவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. திட்டினேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போய்த் தங்குகிறார், புதன் மதியம்தான் வருகிறார். வெளிச் சாப்பாடு. அங்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று சின்ன சர்க்கரை மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன், அதையும் பொங்கலுக்கு முன்னால் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து நின்றார்.

"தேர்தல் நேரத்துலயுமா கோயம்புத்தூர்?" என்று கேட்டதற்கு, "சரக்கு தேர்தலைப் பாக்குமா?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உழைக்கிற மனுஷன்.

பிப்ரவரி 10

பள்ளிவாசல் வீதி, நேரு வீதி, மார்க்கெட் சந்து முடிந்தது. வாய்க்கால் மேட்டு வீதிக்குப் போகலாம் என்றேன். "அங்க எதுக்கு? அது நமக்கு நிச்சய ஓட்டு" என்றார். நேரில் போய்க் கேட்காமல் எப்படி நிச்சயம்? சனிக்கிழமை போயே தீருவது என்று சொல்லிவிட்டேன். வேட்பாளர் நானா இவரா!

பிப்ரவரி 12

எப்பேர்ப்பட்ட நாள்! வரிசையாகச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் மேட்டு வீதி. நான், இவர், ரஹ்மத் அக்கா, மகளிர் குழுவிலிருந்து நாலு பேர். நாலாவது வீட்டில் ஒரு கருப்பு நாய். எங்கள் எல்லோரையும் பார்த்து அப்படிக் குரைத்தது. இவரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலை நக்கியது. இவருக்கு நாய் என்றால் பயம், நிலானி ஆசைப்பட்டுக் கேட்டும் வாங்கித் தரவில்லை. இன்று பயப்படவில்லை. "போடா, போ" என்றார் மெதுவாக.

அந்த வீட்டுப் பெண் வினோதினி. முப்பது வயது இருக்கும். பத்திர எழுத்தர் ஆபீஸில் டைப் அடிக்கிறாள், புருஷன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருஷமாம். நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இவருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வீதி முனைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எதிர் வீட்டில் அலறல். ஆட்டோ ஓட்டும் கணேசன் அண்ணன் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை, வாய் குழறுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், காலையில் சாப்பிடவில்லை என்றாள் அவர் மனைவி. என் பை வீட்டில் இருந்தது. "யாருகிட்டயாவது சர்க்கரை மெஷின் இருக்கா?" என்று கத்தினேன். வினோதினி உள்ளே ஓடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாற்பத்தெட்டு! தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, எல்லாரும் நம்ம வீட்டுல என்ன பண்றீங்க?" என்றார். வீதியே சிரித்தது, கை தட்டியது. ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "இந்த வீதி ஓட்டு முழுக்க உனக்குத்தான் கண்ணு!"

மெஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல மெஷின்.

பிப்ரவரி 13

ஞாயிறு. அறுபது வீடு. தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 14

டைரியிடமும் மறைத்தால் பிறகு யாரிடம் சொல்வது.

அந்த மெஷினின் பின்பக்கம் நீல நெயில்பாலிஷில் ஒரு புள்ளி இருந்தது. லேப் மெஷினோடு கலந்துவிடக் கூடாதென்று நான் வைத்த புள்ளி. கணேசன் அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில், பழைய அளவுகளைக் காட்டுகிற பொத்தானை அமுக்கினேன். தேதியும் நேரமும் நானே சரி செய்து கொடுத்தது.

ஜனவரி 5, காலை 6.30. நூற்று நான்கு.
ஜனவரி 12, 6.45. தொண்ணூற்றெட்டு.
ஜனவரி 19, நூற்றொன்று.
ஜனவரி 26, தொண்ணூற்றாறு.
பிப்ரவரி 2, தொண்ணூற்றொன்பது.
பிப்ரவரி 9, 6.40. தொண்ணூற்றெட்டு.

எல்லாம் புதன்கிழமை.

பதினெட்டு வருஷமாக ராகிக் களி, வெந்தயம், பாகற்காய் என்று நான் செய்யாதது இல்லை. என் வீட்டில் நூற்று அறுபத்தெட்டு. அங்கே தொண்ணூற்றெட்டு. அந்த ஒரு நம்பர்தான் இரண்டு நாளாகத் தொண்டையில் நிற்கிறது. அவள் என்னதான் சமைக்கிறாள்?

இன்று காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிலானி ஸ்கூலுக்குப் போயிருந்தாள்.

"ஏனுங்க, போன புதன்கிழமை கோயம்புத்தூர்ல சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு?"

"மெஷின்தான் தொலைஞ்சு போச்சே."

"தொண்ணூத்தெட்டுங்க. காலையில ஆறு நாப்பதுக்கு."

சட்னி தொட்ட விரல் அப்படியே நின்றது. முதலில் கோபம் வந்தது அவருக்கு. என்னை வேவு பார்க்கிறாயா என்றார். அப்புறம் குரல் இறங்கியது.

"எலெக்‌ஷன் முடியட்டும் கோதை. பேசிக்கலாம். இப்ப வெளிய தெரிஞ்சா அஞ்சு ஓட்டுகூட விழாது."

அதுதான் அவருடைய முதல் கவலை.

"எத்தனை நாளாங்க?"

கை கழுவுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு வருஷம்" என்றார்.

இரண்டு வருஷம். அதற்குள் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருக்கிறது. நிலானி பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

பையை எடுத்துக்கொண்டு பவானியில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள் என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கூட வராம நீ எப்படி ஜெயிக்கறேன்னு பாக்கறேன்" என்றார்.

பார்க்கட்டும்! பத்து மணிக்குக் கொல்லர் வீதி. ரஹ்மத் அக்கா வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். போய்விட்டு வந்தேன். முப்பத்தெட்டு வீடு.

பிப்ரவரி 15

"அப்பா எங்கம்மா?" என்று நிலானி கேட்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. இட்லி மாவு கரைத்துக்கொண்டே, "அப்பா கொஞ்ச நாளைக்கு அத்தை வீட்டுல இருப்பார்" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"தீபாவளிக்கே தெரியும். அப்பா ஃபோன்ல படம் பாத்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." அவளுக்கு உதடு துடித்தது. "சொல்லியிருந்தா நீ என்னைத் திட்டியிருப்பியா?"

நாலு மாதம் இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள். மாவுக் கையோடு கட்டிக்கொண்டேன். அவள் யூனிஃபார்மெல்லாம் மாவு. இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது. வேறு சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பிரச்சாரம்: அவர் இல்லாமல் போனால் கதவு திறக்காது என்று பயந்தேன். நேரு வீதியில் ஒரு பெரியவர், "வீட்டுக்காரர் வரட்டும்மா, அவருகிட்டப் பேசிக்கறோம்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி பாய்ந்து வந்தார். "அவரு எதுக்கு? எனக்கு நரம்பே கிடைக்காது. ஆஸ்பத்திரியில அஞ்சு குத்து குத்துவாங்க. ஒரே குத்துல எடுக்கறது இந்தப் புள்ளதான். போங்க, நீங்க டிவி பாருங்க!"

என் கூட வருகிறவர்கள் இன்று பதினோரு பேர். யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள்!

பிப்ரவரி 16

மதியம் ரஹ்மத் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வினோதினி வந்து வாசலில் நின்றாள். ரஹ்மத் அக்கா எழுந்து கதவைச் சாத்தப் போனார். நான் வேண்டாம் என்றேன்.

"உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாம, ஒரே வீட்டுல தனித்தனியாத்தான் இருக்கீங்கன்னு சொன்னாருங்கக்கா. புள்ளைக்காகத்தான்னு. எலெக்‌ஷன் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுருவோம்னு."

"பொங்கலுக்கு எனக்குப் பட்டுப் புடவை எடுத்தாரு" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கும்."

"என்ன கலரு?"

"மயில் கழுத்து."

எனக்கும் மயில் கழுத்துதான்.

ரஹ்மத் அக்கா முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். வினோதினி அழுதாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நேத்து ஃபோன் பண்ணினாரு. வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அது உங்க விஷயம்" என்றேன். கையில் சோறு காய்ந்துவிட்டது. கழுவிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் மாரியம்மன் கோயில் வீதிக்குக் கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 17

கடைசி நாள். ஆறு மணியோடு பிரச்சாரம் முடிகிறது. இதை எழுதும்போதுகூட உடம்பெல்லாம் சிலிர்க்கிறது!

காலையில் சுகுணாவின் ஆட்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "கட்டின புருஷனையே பிடிச்சு வைக்கத் தெரியாதவங்க வார்டை எப்படிப் பிடிச்சு வைப்பாங்க? யோசியுங்க வாக்காளப் பெருமக்களே!" வீதி வீதியாக இதே பாட்டு. ஊருக்கே தெரிந்துவிட்டது. மகளிர் குழுப் பெண்கள் என் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். நான் வீட்டுக்குள் போய்ச் சமையலறையில் நின்றேன். நிலானி லீவு போட்டிருந்தாள். "அம்மா, இப்ப நீ வெளிய வரலைன்னா அவங்க சொன்னதுதான் கடைசிப் பேச்சு" என்றாள்.

நாலு மணிக்கு மார்க்கெட் முனை. இதுவரை அவர்தான் பேசுவார், நான் கும்பிடுவேன். இன்று மைக்கை ரஹ்மத் அக்கா என் கையில் திணித்தார். இருநூறு பேர் இருப்பார்கள். காய்கறிக்காரர்கள் தராசை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"காலையில மைக்குல சொன்னாங்களே, அது உண்மைதானுங்க" என்றேன்.

ஸ்பீக்கரில் என் மூச்சு எனக்கே கேட்டது.

"தப்பு செஞ்சது நான் இல்லீங்க. அதனால நான் தலை குனியப் போறதில்லை. சம்பந்தப்பட்ட இன்னொருத்தர் பேரை யாரும் மைக்குல சொல்லாதீங்க. அவங்களும் இந்த வார்டு ஓட்டருதான். என் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு ரெண்டு வருஷம் தெரியலை. அது நிஜம். ஆனா உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். போன மழைக்குக் கொல்லர் வீதியில பதினேழு வீட்டுல டைபாய்டு. குடிதண்ணிக் குழாய் சாக்கடைக்குள்ள போகுது. நேரு வீதி கடைசியில எட்டு கொழந்தைகளுக்கு மஞ்சக் காமாலை. எனக்கு எப்படித் தெரியும்? அந்த ரத்தத்தை எல்லாம் எடுத்தது நான்தானுங்க! இதை நான் பேரூராட்சிக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மூணு தடவையும் 'கவுன்சிலர் வந்து சொல்லட்டும்'னு அனுப்பிட்டாங்க. அதனால நானே கவுன்சிலரா வர்றேனுங்க!"

அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. விசில் பறந்தது. ஒரு காய்கறிக்காரம்மா ஓடி வந்து என் கையில் ஒரு சுரைக்காயைக் கொடுத்தார். ஏன் சுரைக்காய் என்று அவருக்கும் தெரியாது. அந்தச் சுரைக்காயைப் பிடித்துக்கொண்டே நாலு வீதி ஊர்வலம் போனேன். நிலானி முன்னால் நடந்துகொண்டு கோஷம் போட்டாள். இவள் குரல் இவ்வளவு பெரிதா!

பிப்ரவரி 18

இன்று பிரச்சாரம் இல்லை. போக எந்த வீடும் இல்லை. அதனால் இன்றைக்கு அழுதேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை. பீரோவில் அவருடைய சட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளினேன், திரும்ப அடுக்கினேன். சுரைக்காய்க் கூட்டு செய்தேன். உப்பு அதிகம்.

பிப்ரவரி 19

ஓட்டுப் போட்டேன். மெஷினில் என் பெயர், நாலாவது வரிசை! அமுக்கியதும் பீப் என்றது. இன்னொரு தடவை அமுக்க வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 22

ஜெயித்துவிட்டேன்! ஜெயித்துவிட்டேன்! பதினேழு ஓட்டு வித்தியாசம்! எனக்கு 412, சுகுணாவுக்கு 395!

பத்தரைக்கு எங்கள் வார்டை எடுத்தார்கள். முதல் பூத்தில் முப்பது ஓட்டு பின்தங்கி இருந்தேன். ரஹ்மத் அக்கா துஆ ஓத ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது பூத்தில் கொல்லர் வீதியும் நேரு வீதியும் வாய்க்கால் மேடும். எண்ணி முடித்து அதிகாரி என் பெயரைப் படித்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அக்கா உலுக்கிய உலுக்கலில்தான் தெரிந்தது. சுகுணா வந்து கை கொடுத்தாள். "மைக்குல அப்படிப் பேசச் சொன்னது நான் இல்லீங்க" என்றாள். நம்பினேனா என்று தெரியாது. கை கொடுத்தேன்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் அவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் பட்டாசோடு அவர் கூட்டாளிகள் ஆறேழு பேர். எட்டு நாளில் இளைத்திருந்தார். நெஞ்சு ஒரு நிமிஷம் அவர் பக்கமே போனது. மாத்திரை போட்டீங்களா என்று வாய் வரை வந்துவிட்டது.

"நம்ம ஜெயிச்சிட்டோம் கோதை" என்று மாலையைத் தூக்கினார்.

"வேண்டாங்க."

"எல்லாரும் பாக்கறாங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டுங்க."

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். எனக்கும் உரிமை இருக்குது."

"வார்டுல ஏதாவது குறை இருந்தா மனு எழுதிக் கொடுங்க" என்றேன். "விலாசம் மட்டும் சரியாப் போடுங்க."

ரஹ்மத் அக்காவின் சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டது. மாலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் பட்டாசு.

மார்ச் 2

பதவியேற்பு. நிலானி தேர்ந்தெடுத்த மஞ்சள் காட்டன் புடவை. உறுதிமொழியைப் படிக்கும்போது "பூங்கோதை ஆகிய நான்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அப்படியே இருக்கட்டும் என்று மீதியை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

அவர் பவானியில்தான் இருக்கிறார். அவருடைய அக்கா மூலமாகத் தூது வருகிறது. வக்கீலைப் பார்க்க வேண்டும். பார்ப்பேன். அவர் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். ஆனால் கதவைத் திறந்துவிடுகிற எண்ணமும் இல்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அலுவலக கிளார்க் நோட்டோடு வந்தார். "மேடம், உங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க. கூட்டம், பொதுமக்கள் புகார் எல்லாத்துக்கும் கூப்பிடணும்."

என் நம்பரைச் சொன்னேன்.

"இது சார் நம்பருங்களா?"

"என் நம்பருங்க."

"சார் நம்பர் இருந்தா வசதி. மத்த லேடி கவுன்சிலர்ஸ் எல்லாரும் அப்படித்தான் குடுத்திருக்காங்க."

இன்னொரு தடவை என் நம்பரையே சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, அவர் எழுதி முடிக்கும் வரை.

வீடு வந்து சாவியைப் போட்டுத் திறக்கவில்லை, ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். கொல்லர் வீதியிலிருந்து ஒரு ஆண் குரல், குழாயில் கருப்பாகத் தண்ணீர் வருகிறதாம், படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் சட்டென்று நிறுத்தி, "கவுன்சிலர் இருக்காருங்களாம்மா? ஃபோனை அவருகிட்டக் குடுங்க" என்றார்.

"கவுன்சிலர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றேன்.